ஐசியைக் காட்டச் சொல்லி நாங்களும் கேக்கலாமோ?

படகில் ஏற வந்த பரிசோதகரிடம் "வாரண்ட் இருக்கோ?" என்று கேட்கச் சொன்னது நான்தான். அதுவும் யாழ்ப்பாணம் கொக்குவிலில் பாயில் படுத்தபடி, அரைக் கண்ணில், போனில். அங்கே குவீன்ஸ்லாந்தில் காலை ஒன்பதரை, இங்கே விடிய ஐந்து மணி. அந்த நாலரை மணித்தியால வித்தியாசத்தோடு ஆறு வருசமாக வாழ்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் போன் அடித்தால் என் வாய் மூளையைக் கேட்காமல்தான் பேசும்.

தம்பி என்று நான் சொல்வது சின்னம்மாவின் மகனை. பிறிஸ்பேனுக்குப் பக்கத்தில் மோர்டன் விரிகுடாவில் சின்னப் படகொன்று வைத்திருக்கிறான். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் கொண்டுவந்து விடுவது தொழில். கடல் வேலை அவனுக்கு, கடதாசி வேலை எனக்கு. நான் கல்யாணத்துக்கு முன் கொழும்பில் கப்பல் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் இருந்தவள். படிவம், முத்திரை, காலக்கெடு எல்லாம் பழக்கம். அந்தத் துணிவில்தான் அவனுடைய பதிவுகள், கணக்கு, கடிதம் எல்லாவற்றையும் இங்கிருந்தே செய்து கொடுக்கிறேன்.

"அக்கா, ரெண்டு பேர் வந்து நிக்கினம். படகுக்குள்ள ஏறிப் பாக்கோணுமாம். ரிக்கற் எடுத்த ஏழு பேர் கரையில நிக்கினம். என்ன சொல்ல?"

"வாரண்ட் இருக்கோ எண்டு கேள்."

அவனும் கேட்டான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. வந்தவர்களில் ஒருவர் பெண். கோபமே இல்லாத குரலில், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல விளக்கினார். வர்த்தகப் படகில் ஏறிப் பார்க்கத் தனக்கு வாரண்ட் என்கிற ஆணையும் தேவையில்லை, உரிமையாளரின் சம்மதமும் தேவையில்லை என்றார். பிறகு, தம்பி கேட்காமலேயே, தன் அடையாள அட்டையை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாராம். "வடிவா வாசிச்சுப் பாருங்கோ" என்கிற மாதிரி.

எனக்குப் பாயிலேயே வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக் கதவில் பேச வேண்டிய பேச்சைப் படகின் ஏணியில் பேசவிட்டிருந்தேன்.

சட்டம் இதுதான். அவுஸ்திரேலியாவில் உள்நாட்டு வர்த்தகப் படகுகளுக்கென்று 2012இல் தேசியச் சட்டமொன்று நிறைவேறி, 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தன் தன் பாட்டில் பார்த்த வேலை அது. 2018 ஜூலை 1 முதல் சேவைகள் எல்லாவற்றையும் அவுஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபையே நேரடியாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் பரிசோதகரின் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. படகு ஒன்று. கரையில் இருக்கும் இடம், அதாவது பட்டறை, கந்தோர், களஞ்சியம், வீடு, இன்னொன்று. படகில் ஏற யாருடைய அனுமதியும் வேண்டாம். கரையில் இருக்கும் இடத்துக்குள் நுழைய, அங்கே இருப்பவரின் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் ஆணை வேண்டும்.

இந்த ஒரு கோட்டை நான் முதலே தெரிந்து வைத்திருந்தால் இரண்டு முறை தலைகுனிந்திருக்க மாட்டேன். ஆம், இரண்டு முறை. இரண்டாவது இதைவிட மோசம்.

முதல் நாளை முடித்துவிடுகிறேன். ஏறினார்கள். படகின் தகுதிச் சான்றிதழ், தொழில் நடத்தும் சான்றிதழ், தம்பியின் ஓட்டுநர் தகைமை எல்லாம் சரி. உயிர்காப்பு அங்கிகளை எண்ணினார்கள், ஒவ்வொன்றாகப் பட்டியைப் பூட்டி இழுத்தும் பார்த்தார்கள். தீயணைப்பு உருளையில் தொங்கும் தகட்டில் துளையிட்ட மாதத்தைப் பார்த்தார்கள். ஆபத்து நேரத்தில் சமிக்ஞை அனுப்பும் கருவி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு முகாமைத்துவக் கோவையைக் கேட்டார்கள். அது என் கைவேலை.

நாற்பத்தொரு பக்கம். நிறப் பிரிப்புத் தாள் எல்லாம் வைத்து வடிவாகக் கட்டிய கோவை. அந்த அம்மா பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார். "காஸ் அடுப்பில் தீப்பிடித்தால் செய்ய வேண்டியவை" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. பிறகு படகைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கே?" என்று கேட்டார்.

அடுப்பு இல்லை. அந்தப் படகில் தேத்தண்ணி வைக்கக்கூட வசதி இல்லை, பிளாஸ்கில்தான் கொண்டுபோவான். நான் வேறொரு படகின் மாதிரிக் கோவையை எடுத்து, பெயரை மாத்திப் போட்டு, மிச்சத்தை அப்படியே விட்டிருந்தேன். இல்லாத அடுப்புக்கு ஒரு பக்கம் இருந்தது. இருக்கிற பின்பக்கத் தட்டி, ஆட்கள் சறுக்கி விழுகிற அந்த ஈரத் தட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

திருத்த அறிவித்தல் ஒன்று தந்தார்கள்: இன்ன திகதிக்குள் கோவையை இந்தப் படகுக்கு ஏற்றபடி எழுத வேண்டும், பணியாளரோடு பயிற்சி செய்து பதிய வேண்டும். தடை அறிவித்தல் என்றால் அந்த வேலையை உடனே நிறுத்த வேண்டும், இது அப்படியில்லை. ஏழு பேரும் நாற்பது நிமிசம் பிந்திக் கடலுக்குப் போனார்கள். கோவையைத் திரும்ப எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. இந்த முறை தம்பியைப் படகுக்குள் நடக்கவிட்டு, வட்ஸ்அப் வீடியோவில் ஒவ்வொரு மூலையையும் காட்டச் சொல்லித்தான் எழுதினேன். பத்தொன்பது பக்கத்தில் முடிந்தது.

ஏன் வாரண்ட் என்று வாயில் வந்தது என்று பிறகு யோசித்தேன். படங்களில் பார்த்ததாக இருக்கலாம். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று இருக்கிறது. என் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சீருடையோடு ஒருவர் படலையடியில் நின்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. சுற்றிவளைப்பு என்று விடிய எழுப்பிக் கோயில் வீதியில் இருத்திய நாட்கள் இருக்கின்றன. அப்போது கேள்வி ஒரு பக்கத்திலிருந்துதான் வரும்: "ஐசி?" நாங்கள் அடையாள அட்டையைக் காட்டுவோம். காட்டுகிறவரின் பெயரை அவர்கள் எழுதுவார்கள், கேட்கிறவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்படி வளர்ந்தவர்கள் அதிகாரத்தின் முன் இரண்டே விதமாக நடப்போம். ஒன்று, எல்லாக் கதவையும் திறந்துவிடுவது. மற்றது, இல்லாததும் பொல்லாததும் சொல்லி மறைப்பது. நடுவில் நின்று, "நீங்கள் ஆர், எந்தச் சட்டத்தில வந்திருக்கிறியள், எதைப் பாக்கப் போறியள்?" என்று சாதாரணமாகக் கேட்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. முதல் நாள் மறிக்கப் பார்த்தோம். இரண்டாம் முறை மற்றப் பக்கம் விழுந்தோம்.

அது நடந்தது ஓர் ஆவணி மாதம். நங்கூரம் இழுக்கும் வின்ச்சில் ஒரு பயணியின் விரல் அகப்பட்டுவிட்டது. அவர் உதவி செய்கிறேன் என்று வந்து கயிற்றைப் பிடித்தவர். இரண்டு தையல். பெரிய காயம் இல்லை, ஆனால் அறிவிக்க வேண்டிய சம்பவம். எழுத்து மூல அறிக்கைக்கு 72 மணித்தியாலம் என்று கணக்கு, நான் அன்றிரவே அனுப்பிவிட்டேன். அந்த விசயத்தில் என்னில் குற்றம் சொல்ல ஏலாது.

சில நாள் கழித்து ஒரு பரிசோதகர் தம்பியின் வீட்டுக்கே வந்தார். அவனுக்குத் தனிப் பட்டறை கிடையாது. வீட்டோடு ஒட்டிய கராஜில்தான் கழற்றிய வின்ச், எஞ்சின் சாமான், எண்ணெய்ப் போத்தல், பழைய பதிவுப் புத்தகங்கள் எல்லாம். கராஜிலிருந்து குசினிக்கு ஒரு கதவு. வந்தவர் வாசலில் நின்று அட்டையைக் காட்டி, வின்ச்சையும் அதன் பராமரிப்புப் பதிவையும் பார்க்க உள்ளே வரலாமா என்று கேட்டார். கேட்கும்போதே இன்னொன்றும் சொன்னார்: நீங்கள் மறுக்கலாம், மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தம்பிக்கு அது பொறி வைப்பதுபோல் பட்டதாம். "மறுத்தா சந்தேகப்படுவினம் எண்டு நினைச்சன் அக்கா." அதனால் அவன் கராஜை மட்டும் திறக்கவில்லை. குசினிக் கதவையும் திறந்து, "வாங்கோ, வீட்டையும் பாருங்கோ, எல்லாம் பாருங்கோ, தேத்தண்ணி போடட்டே?" என்று கையைக் காட்டியிருக்கிறான். உள்ளே மாமி, அவனுடைய மாமியார், வீட்டு உடுப்போடு புட்டு அவித்துக்கொண்டு நின்றவர், வெள்ளைக்காரரைக் கண்டதும் புட்டுக்குழலோடு அறைக்குள் ஓடிவிட்டாராம். பரிசோதகர் குசினி வாசற்படியில் கால் வைக்கவில்லை. கராஜ் போதும் என்றார்.

அவர் சொன்னது மரியாதைக்காக அல்ல, சட்டமே அப்படித்தான். சம்மதம் கேட்கும் முன் மறுக்கலாம் என்று சொல்லியே ஆக வேண்டும். விருப்பத்தோடு கொடுக்காத சம்மதம் சம்மதமே இல்லை. சம்மதத்துக்குக் கால எல்லை வைக்கலாம்: இன்று மத்தியானம்வரை என்று சொன்னால் அதற்குப் பிறகு அது முடிந்தது. எல்லை வைக்காவிட்டால், நீங்கள் திரும்பப் பெறும்வரை அது நிற்கும். ஆம், ஆள் உள்ளே நிற்கும்போதே திரும்பப் பெறலாம், பெற்றால் அவர் வெளியேற வேண்டும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அவர் காட்டாவிட்டால், சம்மதத்தை நம்பி உள்ளே நிற்க அவருக்கு உரிமை இல்லை. இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டியபோது அவன் சிரித்தான். "அப்ப ஐசியைக் காட்டச் சொல்லி நாங்களும் கேக்கலாமோ?" ஓமடா, கேக்கலாம்.

சரி, மறுத்திருந்தால்? நீதவான் ஒருவரிடம் போய் ஆணை எடுத்துக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் ஆணையின் பிரதியை உங்களுக்குத் தர வேண்டும். தேடும்போது நீங்கள் நின்று பார்க்கலாம், இடைஞ்சல் பண்ணக்கூடாது. மறுப்பது குற்றமில்லை. ஆனால் மறுப்பதால் பதிவுப் புத்தகத்தில் உள்ளது மாறிவிடப் போவதும் இல்லை.

பதிவுப் புத்தகம் என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

வின்ச்சின் மாதாந்தப் பரிசோதனைப் பட்டியல் என் எக்செல் கோப்பில் இருந்தது. கம்பி வடம் பார்த்தாச்சு, தடுப்புப் பூட்டு பார்த்தாச்சு, எண்ணெய் போட்டாச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி. தம்பி ஒவ்வொரு மாதமும் செய்ததைச் சொல்ல, நான் பதிவதுதான் ஏற்பாடு. அவன் சொல்ல மறப்பான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தை மாதம் ஒரு நாள் ஒரு வரியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். எக்செல் பாவித்தவர்களுக்குத் தெரியும், மூலையைப் பிடித்து இழுத்தால் அப்படியே நிரம்பும். மார்கழிவரைக்கும் சரி விழுந்தது. செய்கிற வேலைதானே, எப்படியும் செய்வான்தானே என்று நினைத்தேன்.

பரிசோதகர் பதிவைக் கேட்க, தம்பி லப்டொப்பை எடுக்க அறைக்குள் போனான். போன இடத்தில் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். எனக்கு அழைத்தான். இந்த முறை நான் முழித்துத்தான் இருந்தேன், வாசலில் மீன்காரரிடம் விளைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு.

"அக்கா, இது ஆவணிதானே. மார்கழி வரைக்கும் சரி போட்டிருக்கு."

எனக்குக் கை கால் குளிர்ந்துவிட்டது.

"அழிக்கட்டே? ஒரு நிமிசத்தில அழிச்சிடுவன். அந்தாள் கராஜுக்குள்ளதான் நிக்குது."

ஓம் என்று சொல்லச் சின்னதாக ஒரு ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. மீன்காரர் என் முகத்தைப் பார்த்துத் தராசை இறக்கி வைத்துவிட்டார். "தொடாதை," என்றேன். "அப்படியே கொண்டுபோய்க் காட்டு. அக்கா போட்டது எண்டு சொல்லு. எந்த மாசம் உண்மையில செய்தனி எண்டு ஞாபகம் இருக்கிறதையும் சொல்லு."

காட்டினான். பரிசோதகர் கனநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, உண்மையில் செய்த மாதங்களுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டு மூன்று இருந்தது. தடுப்புப் பூட்டின் படம் ஒன்று, வைகாசியில் எனக்கு அனுப்பியது, வட்ஸ்அப்பில் கிடந்தது. நாலு மாதத்தை நிரூபிக்க முடிந்தது, மற்றதை முடியவில்லை. எழுத்து மூல எச்சரிக்கையும் இன்னொரு திருத்த அறிவித்தலும் வந்தன. அழித்திருந்தால் கதை எங்கே போய் நின்றிருக்கும் என்று நான் யோசிக்க விரும்புவதில்லை. விளைமீன் அன்றைக்கு வாங்கவில்லை.

இதிலிருந்து நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன், தொழில் செய்கிறவர்களுக்கு உதவும்.

கராஜுக்கும் குசினிக்கும் இடையில் உள்ள கதவில் இப்போது பூட்டு இருக்கிறது. தொழில் கடதாசி எதுவும் வீட்டு அறைக்குள் கிடையாது. கராஜில் ஒரு அலுமாரி, அதில் படகுக் கடதாசி மட்டும். பயணிகள் நிரப்பிக் கொடுக்கும் உடல்நலப் படிவங்கள் தனிப் பெட்டியில். ஏனென்றால் பழைய முறைப்படி தம்பி லப்டொப்பை முழுதாகத் தூக்கிக் கொடுத்திருந்தால், அதற்குள் வந்துபோனவர்களின் இரத்த அழுத்தக் கதையிலிருந்து மாமியின் காப்புறுதிவரை எல்லாம் போயிருக்கும். வந்தவர் கேட்டது வின்ச்சின் பதிவு. அதைக் கொடுத்தால் போதும். கேட்டதை முழுதாகக் கொடு, கேளாததைக் கொட்டாதே என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சம்மதம் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்வதில்லை. "இன்று காலை, கராஜ், வின்ச்சும் அதன் பதிவும், பதினொரு மணிவரை" என்று ஒரு வரி எழுதி, வந்தவர் பெயரையும் அட்டை இலக்கத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறான். இது சண்டைக்கு ஆயத்தம் பண்ணுவது இல்லை. பிறகு யார் என்ன பார்த்தார் என்று எங்களுக்கே ஞாபகம் இருக்க வேண்டும். என்ன படம் எடுத்தார், எதைப் பிரதி எடுத்தார், எதைக் கொண்டுபோனார் என்றும் எழுதுகிறான். கொண்டுபோனால் பற்றுச்சீட்டு கேட்கிறான்.

படகில் இந்தப் பேச்சே இல்லை. ஏறட்டும். கயிற்றைப் பிடித்துக் கொடுத்து, எங்கே என்ன இருக்கிறது என்று காட்டிவிட வேண்டியதுதான். மறிப்பதும் இழுத்தடிப்பதும் குற்றத்தில் கொண்டுபோய்விடும். ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும் நேரமென்றால், இரண்டு நிமிசம் பொறுங்கள், அவர்களை இருத்திவிட்டு வருகிறேன் என்று. அதற்கு எவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

சரி போடும் வேலையை நான் விட்டுவிட்டேன். வேலை செய்தவன்தான் பதிவான், செய்த இடத்தில், செய்த கையோடு. எண்ணெய்க் கறை படிந்த பக்கம்தான் எனக்கு இப்போது நம்பிக்கை. நான் மாத முடிவில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, திகதி விடுபட்டிருந்தால் கேட்கிறேன், அவ்வளவுதான். விடுபட்ட மாதம் விடுபட்ட மாதமாகவே இருக்கும். "செய்யவில்லை, எஞ்சின் கழற்றியிருந்தது" என்று ஒரு வரி எழுதினால் அது பதிவு. வெறும் சரி பதிவில்லை.

ஊரில் இதைச் சொன்னால் சிலர் உடனே, "அப்ப இஞ்சையும் மறுக்கலாம்" என்று தொடங்குகிறார்கள். தயவுசெய்து அந்தச் சட்டத்தைக் கப்பலேற்றி இங்கே இறக்காதீர்கள். இங்கே மீன்பிடி வள்ளத்துக்கு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். வள்ளத்தின் பக்கத்தில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எஃப்.என். என்று யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் எழுத்தோடு முடிகிறதே, அந்த இலக்கம் அதன் கீழ் வருவது. கப்பல் போக்குவரத்துக்கு 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றொழில் சட்டம் தனியாக இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் வருகிறவரின் அதிகாரம். அதனால் முதற்கேள்வி அங்கும் இங்கும் ஒன்றுதான்: எந்தச் சட்டம்?

இங்கே எங்களுக்கென்று இருக்கிற இரண்டு பிடிகளை மட்டும் சொல்கிறேன், பலர் பாவிப்பதில்லை. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால், தமிழில் தாருங்கள் என்று கேட்பது அடாவடி இல்லை. மொழி மறுக்கப்பட்டால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கிறது, 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருசத்தையே அந்த இலக்கமாக வைத்தவர் வேணுமென்று வைத்தாரோ, யோசியாமல் வைத்தாரோ. மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் படகைப் பார்த்து எழுதிய அறிக்கையின் பிரதியைக் கேட்டு விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

போன ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நெரிபட்டது. நெற்றி நிறைய விபூதியோடு ஆட்கள், பால்செம்பு, அழுகிற பிள்ளைகள், தோளில் மடித்த பட்டு. செம்மஞ்சள் அங்கிகளைக் குவியலாக வைத்து ஏறுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள், சாறி கசங்கிவிடும் என்று. முந்தியென்றால் நானும் அப்படித்தான். இந்த முறை அம்மாவுக்கும் போட்டு, பட்டியை இழுத்துப் பார்த்தேன். "மூச்சு முட்டுதடி" என்றா. பரவாயில்லை, கால்மணித்தியாலம்தானே.

சித்தப்பா, தம்பியின் தகப்பன், அந்தத் துறையில் முப்பது வருசத்துக்கு மேல் தண்டையலாக, படகோட்டியாக, இருந்தவர். இப்போது ஓடுவதில்லை, ஆனாலும் திருவிழா நாளில் துறைக்கு வராமல் இருக்க மாட்டார். அவரிடம் தம்பியின் கதையைச் சொல்லி, மார்கழிவரை சரி போட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வீட்டுக்குப் போனபோது, றங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு சீ.ஆர். கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். மட்டைகளைக் கரப்பான் அரித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, பயணம், ஏறின தொகை, இறங்கின தொகை. பெரியாக்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை. சில நாளில் பெயர்களும். "பெரியகடை வாத்தியார்", "தபாற்கந்தோர்ப் பெடியன்", "கர்ப்பிணி ஒராள்".

யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. குமுதினிக்குப் பிறகு எழுதத் தொடங்கினனான்."

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகை நடுக்கடலில் மறித்து, அதில் வந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. ஆர் ஆர் ஏறினது என்று கரையில் நின்றவர்களுக்கே முழுதாகத் தெரியாமல், ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார்களாம். சித்தப்பா அதற்கு மேல் கதைக்கவில்லை. அடுத்த கொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

அவுஸ்திரேலியச் சட்டத்தில் தலைக்கணக்குக்கென்று ஓர் அத்தியாயம் கோவையில் இருக்க வேண்டும், ஏறுமுன் எண்ணு, இறங்கும்போது எண்ணு, இடையில் எவராவது விழுந்தால் தெரியவேண்டும் என்று. நான் அதை எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டியிருந்தேன். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாமல் ஓடவிட்ட இழுவைப் படகு 2021 நவம்பர் 23 கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தபோதும் முதற்கேள்வி எத்தனை பேர் ஏறினது என்பதுதான். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் பதில் எழுத ஒரு நாள் எடுத்தான். பிறகு, இதே மாதிரி ஒரு பத்தி அடித்து அனுப்பு அக்கா, பெரியாக்கள், பிள்ளைகள் எண்டு தனித்தனியா, என்று கேட்டான். இப்போது அவனுடைய கோவையின் ஏழாம் பக்கம் அதுதான்.

திருவிழாவில் திரும்பி வரும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நயினாதீவுத் துறையில் படகு புறப்படப் போகும்போது உத்தியோகத்தர் ஒருவர் ஏறினார். கையில் தட்டு, பேனை. அங்கி போடாதவர்களைப் போடச் சொன்னார், தலைகளை எண்ணினார், படகோட்டியிடம் பத்திரம் கேட்டார். எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"ஐயா, குறை நினையாதேங்கோ. உங்கட ஐசியை ஒருக்காப் பாக்கலாமோ?"

சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அம்மா அங்கிக்குள்ளேயே சாமி கும்பிடத் தொடங்கிவிட்டா. அந்த மனிசன் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டை மறுபக்கம் திரும்பிக் கிடந்ததை அப்போதுதான் கண்டவர்போல, அதைத் திருப்பி எனக்கு நேரே பிடித்துக்கொண்டு, "வாசிச்சீங்களோ அக்கா?" என்றார். வாசித்துவிட்டேன் என்றேன். "அப்ப நீங்கள் இந்த வரிசையில எத்தினை பேர் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ, நான் அங்கால எண்ணுறன்."

பதின்மூன்று பேர். இரண்டு தரம் எண்ணித்தான் சொன்னேன்.